அந்த வித்து எல்லார்க்கும் உண்டா? காஞ்சித் தருமபாலரும் சீனத்தின் மறுமொழியும்

எல்லா உயிர்களுக்கும் வீடுபேறு உண்டா, அல்லது அதை அடையும் தகுதியே இல்லாமல் சில உயிர்கள் தொடக்கமற்ற காலந்தொட்டு இருந்து வருகின்றனவா என்பது சமயங்கள் எழுப்பிய வினாக்களுள் மிகக் கடுமையானது. கடவுள் உண்டா, உலகம் மெய்யா பொய்யா என்னும் வினாக்களுக்கு எந்த விடையைச் சொன்னாலும் அது எல்லார்க்கும் பொதுவான விடையாகவே அமையும். இந்த வினாவுக்கோ ‘இல்லை’ என்று விடை சொல்பவர், தம் எதிரே நிற்கும் ஒரு மனிதரைப் பார்த்து உமக்கு மட்டும் வழி கிடையாது என்று சொல்ல வேண்டியவராகிறார். சீனத்தில் ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் இந்த வினா பெரும் பூசலாக நடந்தது. சீனக் கவிதை இன்று உலகம் அறிந்திருக்கும் முகத்தைப் பெற்றதில் அந்தப் பூசலின் முடிவுக்கும் பங்கு உண்டு. அதில் ‘இல்லை’ என்ற பக்கத்துக்கு மூலவராக நின்றவரும், ‘உண்டு’ என்ற பக்கத்தார் தம் ஆதி ஆசானாகக் கொண்டாடியவரும் ஆகிய இருவருமே காஞ்சிபுரத்தோடு சேர்த்துப் பேசப்படுபவர்கள் என்பது தமிழ் வாசகர் பலரின் கவனத்துக்கு வராத செய்தி.

இந்த வினாவைப் பேசுவதற்கு ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் வேறில்லை. பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்றும், தெற்கே திரும்பினால் வல்லம் வடகால், ஒரகடம் என்றும் நீளும் தொழிற்பேட்டைகளில், 1990களின் இறுதியிலிருந்து கொரியாவின் ஹூண்டாய், ஜப்பானின் நிசான், யமஹா, தைவானின் ஃபாக்ஸ்கான் முதலிய நிறுவனங்களின் ஆலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கத்தக்க விடுதி வளாகம் திறக்கப்பட்டபோது அந்தத் தைவான் நிறுவனத்தின் தலைவரே வந்திருந்தார். கிழக்காசியாவுக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு முதலீட்டோடு தொடங்கியது என்று இவ்வட்டாரத்து இளைஞர்கள் எண்ணினால் அதில் வியப்பில்லை. ஆனால் சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளில்தான், ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் பிறந்த ஒருவரின் கருத்துகள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாடமாக ஓதப்பட்டன.

அவர் பெயர் தருமபாலர். சீனத்தில் அவரை ‘ஹூஃபா’ என்பர். அறத்தைக் காப்பவர் என்று அவர் பெயரையே பொருள்பட மொழிபெயர்த்துக்கொண்ட வடிவம் அது. கி.பி. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த அவரைப் பற்றிய முதன்மையான சான்று, 645இல் நாடு திரும்பிய சீனத் துறவி யுவான் சுவாங் மறு ஆண்டில் எழுதி முடித்த பயணநூலாகும். திராவிட நாட்டின் தலைநகரான காஞ்சியில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் பதினாயிரம் துறவியரும் இருந்ததாகக் கூறும் அந்நூல், அந்நகர் தருமபாலரின் பிறப்பிடம் என்பதையும் தனியே எடுத்துரைக்கிறது. அமைச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவருக்கு அரசன் தன் மகளை மணமுடிக்க முற்பட்டபோது, மணநாளுக்கு முந்தைய இரவு அவர் புத்தர் திருவுருவின் முன் அழுது வேண்டியதாகவும், ஒரு தெய்வம் அவரைத் தூக்கிச் சென்று தொலைதூர மலைப்பள்ளி ஒன்றில் விட்டதாகவும் காஞ்சியில் வழங்கிய கதையையும் யுவான் சுவாங் பதிவு செய்கிறார். பின்னர் அவர் நாலந்தாவின் தலைவரானார். முப்பத்திரண்டாம் அகவையிலேயே மறைந்தார் என்பது மரபு. அவருடைய மாணவர் சீலபத்திரர்; நூறு வயதைத் தாண்டியிருந்த அந்தச் சீலபத்திரரின் காலடியில் அமர்ந்தே யுவான் சுவாங் பாடம் கேட்டார். ஆகவே யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தது வேடிக்கை பார்க்கும் பயணியாக அன்று, தம் ஆசானின் ஆசான் பிறந்த ஊருக்கு வந்த மாணவராகவே எனலாம்.

அக்காலக் காஞ்சியின் கல்வி எத்தகையது என்பதற்கு மணிமேகலையே சான்று. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைப்பதாக அக்காப்பியத்தின் 29ஆம் காதையில் வரும் அளவை இயல், அதாவது எது சரியான காரணம், எது போலிக் காரணம் என்று பிரித்தறியும் கலை, ‘நியாயப் பிரவேசம்’ என்னும் வடமொழி நூலின் அமைப்போடு பெரிதும் ஒத்துச் செல்கிறது. அதே நியாயப் பிரவேசத்தை யுவான் சுவாங் 647இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். சீனத்திலும் கொரியாவிலும் ஜப்பானிலும் துறவியர் அளவை கற்றது அந்த மொழிபெயர்ப்பைக் கொண்டுதான். ஒரே பாடம் ஒருபுறம் தமிழ்ச் செய்யுளாகவும் மறுபுறம் சீன உரைநடையாகவும் நிலைபெற்றிருக்கிறது. இந்த ஒற்றுமையை அறிந்தவர்கள் தமிழிலும் குறைவு, சீனத்திலும் குறைவு.

தருமபாலர் சார்ந்திருந்த தத்துவம் யோகாசாரம், அல்லது விஞ்ஞானவாதம் எனப்படும். அறிவுக்குப் புறத்தே பொருள் என்று தனியாக ஒன்றில்லை, அறிவே அறிபவனாகவும் அறியப்படுவதாகவும் பிரிந்து தோன்றுகிறது என்பது அதன் சாரம். கண், காது முதலிய ஐந்து பொறியறிவுகள், அவற்றை ஒருங்கிணைக்கும் மனவறிவு, ‘நான்’ என்று விடாது பற்றிக்கொள்ளும் ஏழாம் அறிவு ஆகியவற்றுக்கு அடியில், ‘ஆலய விஞ்ஞானம்’ என்னும் எட்டாம் அறிவு ஒன்றை அது கூறும். ஆலயம் என்ற சொல்லுக்குத் தமிழில் கோயில் என்ற பொருளே நிலைத்துவிட்டது. வடமொழியில் அது இருப்பிடம், சேர்த்துவைக்கும் இடம் என்றும் பொருள்படும். விதைநெல்லைக் கொட்டிவைக்கும் குதிர் போன்றது அந்த எட்டாம் அறிவு. செய்த ஒவ்வொரு செயலும் அதில் ஒரு வித்தாகத் தங்குகிறது. காலம் வரும்போது அந்த வித்து முளைத்து, உலகமாகவும் உடலாகவும் இன்பதுன்பமாகவும் தோன்றுகிறது.

வித்து எவ்வாறு தங்குகிறது என்பதை விளக்க அம்மரபு ஆண்ட சொல் ‘வாசனை’ என்பதாகும். முற்பிறவி வாசனை என்று தமிழர் இன்றும் சொல்வது இந்தப் பொருளில்தான். மலர்களோடு சேர்த்து வைத்த எள், மலரை எடுத்துவிட்ட பிறகும் மணத்தை விடாது. அந்த எள்ளை ஆட்டினால் எண்ணெயிலும் அந்த மணம் வரும். தருமபாலரின் கருத்துகளைத் தாங்கிய சீன நூலில் இந்த எள் உவமை அப்படியே இருக்கிறது. பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த உவமை விளக்கமே வேண்டாதது. வாசனையேற்றுதல் என்பதற்குச் சீனர் தேர்ந்துகொண்ட ‘சுன்’ என்னும் சொல், தேயிலையை மல்லிகை அரும்புகளோடு இரவு முழுதும் அடுக்கிவைத்து மணமேற்றும் வேலைக்கும் அங்கே வழங்குவதாகும். தத்துவச் சொல் ஒன்று ஒரு நாட்டின் சமையலறையில் இடம்பிடித்துவிட்டால் அது வேற்றுச் சொல்லாக இருப்பதில்லை.

சிக்கல் இனித்தான் தொடங்குகிறது. ஆசையும் அறியாமையும் விதைத்த வித்துகள் ஆசையையும் அறியாமையையும்தாமே முளைப்பிக்கும்? அவ்வாறாயின் அவற்றிலிருந்து விடுபடும் மாசற்ற அறிவு முதன்முதலில் எங்கிருந்து வரும்? யோகாசார உரையாசிரியர்களுள் சந்திரபாலர், எல்லா வித்துகளும் இயல்பாகவே உள்ளவை என்றார். நந்தர், எல்லாம் வாசனையால் வந்து சேர்ந்தவை என்றார். தருமபாலர் இரண்டையும் சேர்த்து, சில இயல்பானவை, சில சேர்ந்தவை என்று முடிவு கூறினார். மாசற்ற அறிவு ஒருமுறையேனும் தோன்றியிராத ஒருவனிடத்தில் அதற்குரிய வாசனையை ஏற்றுவதற்கு மணமுள்ள மலரே இல்லை. ஆதலால் மாசற்ற வித்து இயல்பாக இருந்தே தீர வேண்டும் என்பது அவர் வாதம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அடுத்த படியும் தவிர்க்க முடியாதது: இயல்பாக இருந்தே தீர வேண்டிய ஒன்று, எல்லாரிடமும் இருந்தே தீர வேண்டும் என்பதற்கு என்ன கட்டாயம்? சிலரிடம் இருக்கலாம், சிலரிடம் இல்லாமலும் இருக்கலாம். இவ்வாறு உயிர்கள் ஐந்து ‘கோத்திரங்களாக’ப் பகுக்கப்பட்டன; கோத்திரம் என்பது இங்கே சாதியன்று, பிறவிதோறும் மாறாத ஆன்மிக இயல்பு. போதனை கேட்டு விடுதலை பெறுவோர், தாமே உணர்ந்து விடுதலை பெறுவோர், புத்தராகும் இயல்பினர், எதுவென்று உறுதிப்படாதவர், ஐந்தாவதாக எந்த வித்தும் இல்லாதவர்.

இந்த ஐந்தாம் பிரிவைக் கண்டு தருமபாலர் மரபைக் கொடியது என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது முறையாகாது. பிறப்பால் ஒருவரை உயர்த்துவதற்கோ தாழ்த்துவதற்கோ அவர்கள் இதைக் கூறவில்லை. அரசனும் வித்தற்றவனாக இருக்கலாம், அடிமையும் புத்தராகும் இயல்பினனாக இருக்கலாம். காரணமின்றிக் காரியம் இல்லை என்ற விதியைத் தமக்கு இனிய இடத்தில் மட்டும் தளர்த்திக்கொள்ள அவர்கள் மறுத்தார்கள். அந்த நேர்மை மதிக்கத்தக்கது. ஆயினும் இனிவரும் வரலாற்றைப் பார்க்கையில், மறுத்தவர் பக்கமே நியாயம் மிகுதி என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கொள்கை சீனத்தில் எடுபடாது என்பதை யுவான் சுவாங்கே முன்னறிந்திருந்தார். சில்லா நாட்டில், அதாவது இன்றைய கொரியாவில், எழுதப்பட்ட ஓர் உரைக்குறிப்பு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. வித்தற்றவர் பற்றிய பகுதியை மட்டும் தம் நாட்டார்க்குச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்ற எண்ணம் எழுந்தபோது, எல்லைப்புறத்து மக்களாகிய உங்களுக்கு என்ன தெரியும் என்று நூலில் கைவைக்கத் துணிகிறீர்கள் என்ற கருத்துப்பட சீலபத்திரர் கடிந்துகொண்டாராம். நூற்றைத் தாண்டிய முதியவரின் கோபமும், ஊர் திரும்பினால் என்ன நேரும் என்று அறிந்திருந்த மாணவரின் தயக்கமும் அந்தச் சில வரிகளில் தெரிகின்றன. யுவான் சுவாங் எதையும் விடாமல் கொண்டுசென்றார். யோகாசார ஆசான் வசுபந்துவின் முப்பது செய்யுள்களுக்கு இந்திய ஆசிரியர் பதின்மர் எழுதிய உரைகளைத் தனித்தனியே மொழிபெயர்க்க அவர் எண்ணியிருக்க, மாணவர் குயிஜி வற்புறுத்தியதால் அவற்றை ஒன்றாகத் தொகுத்து, கருத்து வேறுபட்ட இடங்களில் பெரும்பாலும் தருமபாலரின் கூற்றையே முடிபாகக் கொண்டு, 659இல் பத்துச் சுருள்களாக ஒரு நூலை ஆக்கினார். ‘செங் வெய்ஷி லுன்’ என்பது அதன் பெயர். ‘அறிவு மட்டுமே உளது என நிறுவும் நூல்’ என்பது பொருள். தருமபாலரின் வடமொழி உரை பிற்காலத்தில் அழிந்துவிட்டது. காஞ்சிக்காரர் ஒருவரின் சிந்தனை இன்று எஞ்சியிருப்பது சீன எழுத்துகளில் மட்டுமே.

சீனர் இதை ஏன் ஏற்கவில்லை? அவர்கள் மண்ணில் பௌத்தம் வருவதற்கு முன்பே வேறொரு விதை ஊன்றப்பட்டிருந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மென்சியஸ், கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவர் நெஞ்சமும் பதறும் என்பதைக் காட்டி, அந்தப் பதற்றமே நன்மையின் முளை என்றும், அது இல்லாதவர் மனிதரே அல்லர் என்றும், எவரும் பழம்பெரும் அறவேந்தர்களுக்கு நிகராக உயரலாம் என்றும் கற்பித்திருந்தார். அந்தக் கல்வியில் தோய்ந்த மக்களிடம், சிலருக்கு மட்டும் முளையே இல்லை என்று சொன்னால் அது காதில் ஏறாது.

யுவான் சுவாங்குக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பிணக்குக்கு ஒருவர் விலை கொடுத்திருந்தார். தாவோ ஷெங் என்னும் துறவி, மகாபரிநிர்வாண சூத்திரத்தின் அப்போது கிடைத்திருந்த அரைகுறை மொழிபெயர்ப்பில் அதற்கு மாறாக எழுதியிருந்தபோதும், மிகக் கடையரான உயிர்களுக்கும் புத்த இயல்பு உண்டு என்று வாதிட்டார். நூலை மீறியவர் என்று அவரைச் சங்கத்தார் தலைநகரிலிருந்து வெளியேற்றினர். சூச்சோவ் நகரின் புலிக்குன்றுக்குச் சென்ற அவர், கேட்பதற்கு மனிதர் இல்லாமையால் கற்களை வரிசையாக நிறுத்தி உபதேசித்ததாகவும், கடையர்க்கும் புத்த இயல்பு உண்டென்று சொன்னபோது கற்கள் தலையசைத்ததாகவும் கதை வழங்குகிறது. சில காலத்தில் அதே சூத்திரத்தின் விரிவான மொழிபெயர்ப்பு தெற்கே வந்து சேர்ந்தது. அதில் அவர் சொன்னதே இருந்தது. அறிவை நூலுக்கு அடிமையாக்காத ஒருவரை நூலே பிறகு வந்து மெய்ப்பித்த அந்த நிகழ்ச்சியைச் சீன மொழி மறக்கவில்லை. மனம் கரைக்கும் பேச்சைப் பாராட்ட, கல்லும் தலையசைக்கும் என்ற தொடர் அங்கே இன்றும் வழக்கில் இருக்கிறது. புலிக்குன்றின் குளத்திலுள்ள ஒரு பாறையைத் தலையசைத்த கல் என்று வருவோர்க்குக் காட்டுகிறார்கள். ஒரகடத்துத் தொழிலாளிக்குத் தெரிந்தே இருக்கக்கூடிய ஊர் அது: ஃபாக்ஸ்கானின் ஆலைகளைக் கொண்ட குன்ஷான், அந்தச் சூச்சோவ் நகரின் ஆட்சிக்கு உட்பட்டதுதான்.

யுவான் சுவாங்கின் மரபுக்கு வந்த கடும் எதிர்ப்புகளுள் ஒன்று, போதிதருமரைத் தம் முதல் குருவாகக் கொண்ட தியான மரபிலிருந்து வந்தது. அம்மரபின் ஆறாம் குருவாகப் போற்றப்படும் ஹுயிநெங் (638–713), எழுத்தறியாத விறகுவெட்டி என்றே அதன் நூல்களில் சித்திரிக்கப்படுகிறார். தெற்கத்திக் காட்டான் ஆகிய நீ எப்படிப் புத்தனாவாய் என்று குரு கேட்டதற்கு, திசை வேறுபாடு மனிதருக்குத்தான், அந்த இயல்புக்கு இல்லை என்று அவர் விடையிறுத்ததாகக் கூறுவர். போதிதருமரின் பிறப்பிடம் பற்றிய சான்றுகள் ஒருமுகமானவை அல்ல. 547இல் எழுதப்பட்ட லோயாங் நகரப் பள்ளிகளின் வரலாறு அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. அவருடைய மாணவராகக் கருதப்படும் தான்லின் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். காஞ்சி என்ற அடையாளம் பின்னர் வளர்ந்தது. தமிழ்த் திரைப்படம் வரை சென்ற அவர் புகழைப் பற்றிக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் பிறந்த ஊர் பெயரோடு பதிவான தருமபாலரை விட்டுவிட்டு, ஐயத்துக்கு இடமுள்ள ஒருவரிடமே தமிழரின் பெருமிதம் தங்கிவிட்டது வருந்தத்தக்கது. ‘பௌத்தமும் தமிழும்’ நூலில் மயிலை சீனி. வேங்கடசாமி 1940இலேயே தருமபாலரை நினைவூட்டியிருந்தார். அதற்குப் பிறகும் காஞ்சியில் அவர் பெயரைச் சொன்னால் அறிவோர் மிகச் சிலரே.

எட்டாம் நூற்றாண்டில் பூசலின் எல்லை இன்னும் விரிந்தது. தியென்தாய் மரபின் சான்ரான் (711–782), புல்லுக்கும் மரத்துக்கும் கல்லுக்கும்கூடப் புத்த இயல்பு உண்டு என்று ஒரு நூலே எழுதினார். தருமபாலர் மரபு சில மனிதருக்கே மறுத்த ஒன்றைச் சீனம் கூரை ஓட்டுக்கும் வழங்கிவிட்டது. இந்த இடத்தில்தான் தத்துவம் கவிதைக்குள் நுழைகிறது. தாங் காலக் கவிஞர் வாங் வெய், விமலகீர்த்தி என்னும் பௌத்த இல்லறத்தாரின் பெயரைச் சீன ஒலிப்பில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இயற்பெயராகவும் மறுபாதியை வழக்குப்பெயராகவும் கொண்டவர். ஹுயிநெங்கின் நினைவுக் கல்வெட்டுக்குரிய வாசகத்தை எழுதியவரும் அவரே. அவர் கவிதையில் மலையும் பாசியும் மாலை ஒளியும் எதற்கும் குறியீடாக நிற்பதில்லை. சங்க அகப்பாடலில் குறிஞ்சியின் அருவியும் மருதத்தின் எருமையும் உள்ளுறையாகத் தலைவன் தலைவியரைச் சுட்டும்; இயற்கை மனிதனுக்காகப் பேசும். வாங் வெய்யின் மலை எவருக்காகவும் பேசுவதில்லை. அது தானே நிறைவாக இருக்கிறது. கல்லுக்கும் புத்த இயல்பு உண்டென்று நம்பும் கவிஞனுக்குக் கல்லை வேறொன்றின் அடையாளமாக்க வேண்டிய தேவை இல்லை. இரண்டில் எது உயர்ந்தது என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் இந்த வேறுபாட்டை உணராமல் சீனக் கவிதையைத் தமிழில் வாசிப்பவர், அங்கே இல்லாத உள்ளுறையைத் தேடிக் களைத்துப்போவார்.

சோங் காலத்தில் இந்த நோக்கு முழுமை பெற்றது. குலோத்துங்க சோழனின் தூதுக்குழு 1077இல் சீன அரசவையை அடைந்தபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் கவிஞர் சூ ஷி (1037–1101). பின்னர் அரசியல் பகையால் சிறைப்பட்டுத் தொலைவூருக்கு அனுப்பப்பட்ட அவர், 1084இல் லூ மலையின் பள்ளி ஒன்றில் இரவு தங்கி, ஓடையின் ஒலியைப் புத்தரின் உபதேசமாகவும் மலையின் தோற்றத்தை அவர் திருமேனியாகவும் கண்ட அனுபவத்தைச் சிறு பாடலாக்கினார். ஜப்பானியத் துறவி தோகென் 13ஆம் நூற்றாண்டில் அந்தப் பாடலை முன்வைத்தே ஓர் உரை நிகழ்த்தினார். அங்கிருந்து ஹைக்கூ வரை வந்த வழி நெடியது. 1916இல் ஜப்பானியக் கவிதை பற்றிச் சுதேசமித்திரனில் பாரதியார் எழுதிய கட்டுரையில் அதன் ஒரு கிளை தமிழையும் தொட்டது.

சூ ஷிக்கும் இராமானுசருக்கும் இடையே உள்ள ஒற்றுமையைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. மரபுக் கணக்கின்படி 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் தோன்றிய இராமானுசர், சூ ஷியின் சமகாலத்தவர். உயிர்களும் சடப்பொருள்களும் ஆகிய இவ்வுலகம் முழுவதும் இறைவனின் உடல் என்பது அவருடைய விசிட்டாத்துவைதத்தின் உயிர்நாடி. ஓர் உயிரால் தாங்கப்பட்டு, ஆளப்பட்டு, அதற்கே உரியதாக இருப்பது எதுவோ அதுவே அதன் உடல் என்று அவர் வரையறுத்தார். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிராத இருவர், ஒரே நூற்றாண்டில், மலையைத் திருமேனி என்றனர். ஆயினும் இருவரும் ஒன்றையே சொன்னதாகக் கொள்வது பிழையாகும். சூ ஷியின் மலைக்கு அப்பால் அதை ஆளும் ஒருவர் இல்லை. இராமானுசரின் மலைக்கு உள்ளே அதைத் தாங்கும் ஒருவர் இருக்கிறார். மேலும், பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் இராமானுசர் விஞ்ஞானவாதத்தை நேரடியாக மறுக்கிறார்: அறிவு என்றாலே அது ஒருவர்க்கு ஒன்றைப் பற்றியதாகத்தான் தோன்றுகிறது, அறிபவரையும் அறியப்படுவதையும் நீக்கிவிட்டு அறிவை மட்டும் நிறுத்துவது அனுபவத்துக்கு முரண் என்பது அவர் வாதம்.

வீடுபேறு எல்லார்க்கும் உண்டா என்ற வினாவுக்கு அவர் தரும் விடையும் தருமபாலருடையதற்கு நேர் எதிர். எல்லா உயிர்களும் இயல்பில் ஒரே தன்மையன. வினையால் அவற்றின் அறிவு சுருங்கியிருக்கிறது, வினை நீங்கினால் விரியும். ஆகவே வித்து உண்டா என்று எவரிடமும் தேட வேண்டியதில்லை. விரிவதற்குத் துணைசெய்வது இறைவனின் அருள். திருக்கோட்டியூரில் மறைபொருளைப் பெற்ற அவர், அதை வெளியிட்டால் தமக்கு நரகம் என்று அறிந்தும் கோபுரத்தின் மேலேறி எல்லார்க்கும் சொன்னார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். நூலை மீறித் தாவோ ஷெங் கற்களிடம் பேசியதற்கும், ஆணையை மீறி இராமானுசர் ஊராரிடம் பேசியதற்கும் பின்னே இருந்தது ஒரே மனம். அந்த மனத்தை அவரிடம் வளர்த்தவர்களுள் ஒருவர் பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி. அந்தணர் அல்லாத அவர் உண்ட மிச்சத்தை உண்ண விரும்பிய இராமானுசரின் விருப்பம் நிறைவேறாமல் போனதை வைணவர் இன்றும் வருத்தத்தோடு சொல்வர். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், காஞ்சி மூன்றும் இன்று நிறுவனப் பேருந்துகள் விரையும் அதே சாலையில் உள்ளன. ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இராமானுசரின் உற்சவத் திருமேனி ‘தானுகந்த திருமேனி’ எனப்படுகிறது. வாழ்நாளிலேயே செய்யப்பட்ட அந்த உருவை அவரே தழுவித் தம் ஆற்றலை அதில் பதித்து அனுப்பினார் என்பது நம்பிக்கை. ஒன்றின் இயல்பு மற்றொன்றில் ஏறித் தங்கும் என்ற வாசனைக் கருத்து, விஞ்ஞானவாதத்தை மறுத்தவரின் ஊரிலும் வேறு பெயரில் வாழ்கிறது.

வினா அத்துடன் ஓயவில்லை. 13ஆம் நூற்றாண்டில் மத்துவர், வீடுபெறும் தகுதியுடையோர், என்றும் பிறவியில் உழல்வோர், இருளுக்கே உரியோர் என உயிர்களை இயல்பாலேயே பகுத்து, தருமபாலர் மரபின் கடுமையை வைதிக நெறிக்குள் மீண்டும் கொண்டுவந்தார். அதற்கு வெகு முன்பே, ஜப்பானில் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைச்சோ, தொக்குயிட்சு என்னும் துறவியர் இருவருக்கும் இடையே இதே பொருளில் பல ஆண்டுகள் எழுத்துப் போர் நடந்தது. சீனத்தில் யுவான் சுவாங்கின் மரபு தளர்ந்து, குயிஜி எழுதிய விரிவுரைகளே காணாமற் போயின. யாங் வென்ஹுய் (1837–1911) அவற்றை ஜப்பானிலிருந்து தேடிப்பெற்று நான்ஜிங்கில் தாம் நிறுவிய பதிப்பகத்தின் வழியே திரும்பவும் சீனருக்குக் கிடைக்கச் செய்தார். மேலைநாட்டுத் தத்துவத்தின் முன் தலைகுனிந்து நின்ற அக்காலச் சீன அறிஞர்களுக்கு, அதற்கு ஈடுகொடுக்கத்தக்க நுண்மை தம் மொழியிலேயே இருக்கிறது என்று காட்டியவை அந்த விரிவுரைகள்தாம். 1932இல் சியோங் ஷிலி வெளியிட்ட ‘அறிவு மட்டுமே எனும் புதிய நூல்’, தருமபாலரின் வித்துக் கொள்கையை அவர் பெயர் சொல்லியே மறுத்து, அந்த மறுப்பின் மேல் புதிய கன்பூசியத்தைக் கட்டியெழுப்பியது. மறைந்து ஏறத்தாழ ஆயிரத்து முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு காஞ்சிக்காரரோடு சீனர் நேருக்கு நேர் வாதாடிக்கொண்டிருந்தனர். அதே ஆண்டுகளில் காஞ்சியில் அவரை ஏற்கவும் ஆளில்லை, மறுக்கவும் ஆளில்லை. காமாட்சியம்மன் கோயிலில் 1910களில் கண்டறியப்பட்டு, சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த ஏழடிக்கு மேல் உயரமான புத்தர் சிலையும், யுவான் சுவாங்கின் பதிவுமே அந்த நகரின் பௌத்தத்துக்குப் பெரிதும் எஞ்சிய சாட்சிகள்.

சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகையான ஷிசிங்கின் பாடல்களை ‘பயணி’ என்னும் பெயரில் எழுதுபவர் சீன மொழியிலிருந்து நேரடியாகவே தமிழுக்குத் தந்திருக்கிறார். தைவான் கவிஞர் யூ சி திருக்குறளைச் சீனத்துக்குக் கொண்டுசென்றிருக்கிறார். கவிதைக்குத் திறந்த வழி தத்துவத்துக்கும் திறக்க வேண்டும். இயந்திரக் கையேடுகளைப் படிப்பதற்காகவும் உடன் பணிபுரியும் பொறியாளர்களோடு பேசுவதற்காகவும் சீனம் கற்கும் இளைஞர்கள் இன்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரேனும், பல்கலைக்கழகம் ஒன்றின் துணையோடு, செங் வெய்ஷி லுன்னின் பத்துச் சுருள்களையும் சீனத்திலிருந்து நேரே தமிழாக்க முன்வர வேண்டும்; காஞ்சியிலிருந்து போனது காஞ்சிக்குத் திரும்ப அது ஒன்றே வழி.